எங்கட லைசென்ஸ், அவங்கட இன்சூரன்ஸ்

போன மாசம் ஒரு நாள் இரவு, படுக்கப் போகும் நேரம் பார்த்து மருமகன் லண்டனில் இருந்து கோல் எடுத்தான். ஹரோவில் ஒரு அறையில் இருக்கிறான். வேலை கிடைத்து மூன்று மாசம். பஸ்ஸுக்கு நின்று நின்று குளிரில் விறைத்துப்போய், ஒரு பழைய டொயோட்டா யாரிஸ் பார்த்து வைத்திருக்கிறானாம். "மாமா, காரின்ர விலையைவிட இன்சூரன்ஸ் கூடக் காட்டுது. நான் ஊரில ஆறு வருசம் ஓடினவன், ஒரு கீறல்கூட இல்லை. அதைச் சொல்ல அந்தப் படிவத்தில இடமே இல்லை" என்று கோபம்.

கோபம் நியாயம்தான். யாழ்ப்பாணத்துக் கொக்குவில் ஒழுங்கைகளில் மாட்டையும் மணல் டிப்பரையும் விலத்தி ஓடிப் பழகியவனுக்கு ஹரோவில் ஓடுவது பெரிய காரியமில்லை. ஆனால் அவன் சொன்ன கடைசி வசனத்தில்தான் விஷயமே இருக்கிறது. நான் அங்கே எட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன் என்பதால், எங்கள் பக்கத்தில் யார் பிளேன் ஏறினாலும் ஊர் லைசென்ஸுக்கு ஏன் இவ்வளவு இன்சூரன்ஸ் என்ற இந்தக் கேள்வி கடைசியில் என் போனுக்குத்தான் வரும். ஒரேயடியாக எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை லிங்கை அனுப்பிவிட்டுப் படுக்கலாம்.

முதலில், இங்கே இலங்கையில் இன்சூரன்ஸ் என்றால் எங்கள் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனத்தை றோட்டில் இறக்க முடியாது. காப்புறுதிப் பத்திரம் இல்லாமல் வாகனத்துக்கான வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது. அதனால் வருடத்துக்கு ஒருமுறை காசைக் கட்டி, கார்ட்டை டாஷ்போர்டுக்குள் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். அது காருக்குப் போட்ட இன்சூரன்ஸ். அப்பாவின் காரை நான் எடுப்பேன், தம்பி எடுப்பான், அவசரமென்றால் பக்கத்து வீட்டு அண்ணாவும் எடுப்பார். செல்லுபடியான லைசென்ஸும் சொந்தக்காரரின் சம்மதமும் இருந்தால் பொதுவாகப் பிரச்சினையில்லை.

இங்கிலாந்தில் காரோடு சேர்த்து ஆளையும் எழுதித்தான் இன்சூரன்ஸ் போடுவார்கள். பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் மட்டும்தான் அந்தக் காரை ஓடலாம். அண்ணாவின் வீட்டில் அண்ணாவின் கார் சும்மா நிற்கிறது, பால் வாங்கிவர ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றால், உங்கள் பெயர் அந்தப் பத்திரத்தில் இல்லாவிட்டால் நீங்கள் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடுகிறீர்கள். அதற்கு 300 பவுண்ஸ் தண்டமும் லைசென்ஸில் 6 தண்டப் புள்ளியும். கோர்ட்டுக்குப் போனால் இன்னும் கூட. காரையும் இழுத்துக்கொண்டு போவார்கள். பொலிஸ் மறித்துக் கேட்கவும் தேவையில்லை, நம்பர் பிளேட்டைப் படிக்கும் கமரா காட்டிக்கொடுத்துவிடும். கார் ஓடாமல் வாசலில் நின்றாலும், றோட்டில் எடுக்கமாட்டேன் என்று அறிவித்து வைத்திருந்தால் ஒழிய, இன்சூரன்ஸ் இருந்தே ஆகவேண்டும். இது 2011இல் வந்த விதி.

சரி, ஆளைப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள் என்றால் எங்கள் ஆளை ஏன் இவ்வளவு மட்டமாக மதிக்கிறார்கள்?

என்னுடைய சித்தப்பா ஒருவர் தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடை காலத்தில், மொறிஸ் மைனர் ஓடியவர். பெற்றோல் கிடையாது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் புகை மேகம் மாதிரிக் கிளம்ப, விளக்கில்லாத றோட்டால் ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கொண்டுபோனவர். அப்படிப்பட்ட ஒருவர் லண்டனுக்குப் போய் இன்சூரன்ஸ் கேட்டாலும், கம்பனியின் கணினியில் அவர் நேற்றுத்தான் ஸ்டியரிங் பிடித்த ஆள். அவர் கெட்டிக்காரரா இல்லையா என்று கம்பனி கேட்பதே இல்லை. இவர் இதுவரை எத்தனை தரம் இடித்தார், எத்தனை தரம் பிடிபட்டார் என்பதை எங்கே போய்ப் பார்ப்பது என்பதுதான் அதன் கவலை. உள்ளூர்க்காரருக்கு இதற்கெல்லாம் பதிவு இருக்கிறது. எங்களுக்கு இருக்கும் பதிவு கொழும்பில், அவர்கள் எட்டிப்பார்க்க முடியாத இடத்தில். பதிவு தெரியாத ஆளை எல்லாரையும்விட ஆபத்தான ஆளாக எடுத்துக் கணக்குப் போடுவதுதான் கம்பனிக்கு லாபம்.

ஆகவே ஊர் லைசென்ஸை அவர்கள் மதிக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஓடலாம் என்பதற்கு அது அத்தாட்சி, எப்படி ஓடினீர்கள் என்பதைப் பற்றி அந்தக் கார்ட் ஒன்றும் சொல்லாது. விலை முழுக்க அந்த இரண்டாவதில் தொங்குகிறது.

இப்போது நான் மாட்டிய கதை. நான் லண்டனில் இறங்கியது 2011 ஓகஸ்ட். டிசெம்பரில் கார் வாங்கி ஒரு வருடத்துக்கு இன்சூரன்ஸ் போட்டேன். ஊர் லைசென்ஸ் என்று உண்மையைத்தான் எழுதினேன், காசும் கனக்கத்தான் கட்டினேன். அடுத்த வருடம் செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, கோயில் அன்னதான வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நின்ற ஒரு அண்ணா கதையோடு கதையாகக் கேட்டார்: "தம்பி வந்து ஒரு வருசம் முடிஞ்சுதெல்லோ, இஞ்சத்த லைசென்ஸ் எடுத்திட்டீரோ?" எனக்கு வயிற்றைக் கலக்கியது. இலங்கை லைசென்ஸோடு அங்கே வசிக்க வந்தவர் 12 மாசம்தான் ஓடலாம் என்று தெரியும். தெரிந்தும், இன்சூரன்ஸ் பத்திரத்தில் டிசெம்பர் வரை என்று இருந்ததால் மனம் அந்தத் திகதியையே பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று கிழமையாக நான் லைசென்ஸே இல்லாமல் ஓடியிருக்கிறேன். அன்றைக்குக் காரை அந்த அண்ணாவின் மகன் தான் வீட்டில் கொண்டுவந்து விட்டான். கொண்டுவந்து விட்டபிறகுதான் யோசித்தேன், அவன் பெயரும் பத்திரத்தில் இல்லையே என்று.

அதனால் இரண்டு திகதிகளை வேறு வேறாக எழுதி வையுங்கள். ஊர் லைசென்ஸில் ஓடும் உரிமை முடியும் திகதி ஒன்று, இன்சூரன்ஸ் முடியும் திகதி மற்றது. ஊர்க் கார்ட்டிலேயே ஒரு முடிவுத் திகதி அச்சடித்திருக்கும், அது இன்னும் ஐந்து வருடம் தள்ளி இருந்தாலும் அங்கே அந்த 12 மாசத்தை ஒரு நாள்கூட நீட்டாது. முதலாவது திகதி தாண்டிய பிறகு யாரையாவது இடித்தால், இடிபட்டவருக்குக் கம்பனி காசு கொடுக்க வேண்டி வரலாம், ஆனால் கொடுத்த காசை உங்களிடம் அறவிட வருவார்கள். உங்கள் காருக்கு ஒரு சதமும் வராது.

அந்த 12 மாசத்துக்குள் லைசென்ஸ் எடுப்பதும் நினைத்த மாதிரி லேசில்லை. அவுஸ்திரேலியா, ஜப்பான், சிங்கப்பூர் லைசென்ஸ்காரர்கள் மாற்றி எடுக்கலாம். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. முதலில் 34 பவுண்ஸ் கட்டிப் புரொவிஷனல் என்ற பழகுநர் லைசென்ஸ் எடுத்து, தியரி பாஸ் பண்ணி, பிறகு றோட் டெஸ்ட். டெஸ்டுக்குத் திகதி கிடைக்கப் பல மாசம் போகலாம். பன்னிரண்டாம் மாசத்தில் அல்ல, போய் இறங்கிய மாசத்திலேயே புரொவிஷனலுக்குப் போடுங்கள். டெஸ்ட் பாஸ் பண்ணினால் அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பனிக்குச் சொல்லவும் வேண்டும். சிலருக்கு அதற்குப் பிறகு விலை இறங்காமல் ஏறியும் இருக்கிறது. "ஆறு வருட ஊர் லைசென்ஸ்" போய் "நேற்று எடுத்த பிரித்தானிய லைசென்ஸ்" ஆகிவிடுவதால் வரும் கூத்து அது. எரிச்சல்தான், ஆனால் அடுத்தடுத்த வருடங்களில் இறங்கும்.

இனி அந்தப் படிவம். மருமகன் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினான். விலை ஒப்பிடும் தளங்களில் எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். லைசென்ஸ் வகை என்று ஒரு பெட்டி, அதை அமத்தினால் முழுப் பிரித்தானிய லைசென்ஸ், புரொவிஷனல், ஐரோப்பிய லைசென்ஸ், சர்வதேச லைசென்ஸ் என்று வரிசையாக இறங்கும். எங்கட ஆட்கள் அநேகமாக அந்தச் சர்வதேச வகைக்குள், அதாவது மற்ற நாட்டு லைசென்ஸ் என்ற வகைக்குள்தான் வருவார்கள். அதன் கீழே எத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள், எப்போதிருந்து இந்த நாட்டில் வசிக்கிறீர்கள், எந்தத் தபால் குறியீடு, என்ன வேலை. இந்த இடத்தில்தான் அறை நண்பன் ஒருவன் காதுக்குள் சொல்வான்: "முழுப் பிரித்தானிய லைசென்ஸ் எண்டு போடு மச்சான், அரைவாசியாக் குறையும்." குறையும்தான். விபத்து நடக்கும் வரைக்கும் குறைந்தபடியேதான் இருக்கும். அதன் பிறகு லைசென்ஸ் நம்பரைக் கேட்பார்கள்.

2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்பனி கேட்கும் கேள்விக்குப் பொய் சொல்லாமல், கவனக்குறைவாகவும் எழுதாமல் பதில் சொல்வது எங்கள் பொறுப்பு. வேண்டுமென்றே பொய் எழுதினது தெரிந்தால் பத்திரத்தையே இரத்துச் செய்யலாம், கட்டின காசையும் வைத்துக்கொள்ளலாம். அதைவிட மோசம், இன்சூரன்ஸ் இரத்தான ஆள் என்ற கறை அடுத்த ஒவ்வொரு படிவத்திலும் பின்னாலேயே வரும்.

இன்னொரு பழக்கம் இருக்கிறது. காரை மாமாவின் பெயரில் வாங்கி, மாமாவை முதன்மை ஓட்டுநர் என்று எழுதி, எப்போதாவது ஓடுபவர் என்று மருமகனைக் கீழே சேர்ப்பது. எங்கள் குடும்பங்களில் இதை ஒரு உதவியாகத்தான் பார்க்கிறோம், பாசம்தான். உண்மையில் மாமா வாரத்தில் ஐந்து நாள் ஓடி மருமகன் ஒரு நாள் ஓடினால் பிழையில்லை. காரை மாமா கண்ணால் காண்பதே தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் என்றால் அது அங்கே மோசடி, அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். மாட்டினால் மாமாவும் சேர்ந்து மாட்டுவார்.

காரை எதற்குப் பாவிக்கிறீர்கள் என்ற கேள்வியையும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டாதீர்கள். வீட்டுத் தேவைக்கு மட்டுமா, வேலைக்குப் போய்வரவுமா, தொழிலுக்கா என்று தனித்தனி வகை. சாப்பாடு டெலிவரிக்கு ஓடினால் சாதாரண இன்சூரன்ஸ் காணாது, கூலிக்கு ஓடுவதற்கென்று தனி இன்சூரன்ஸ் வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரிச் சுயதொழிலே கூடாது என்பது வேறு கதை.

மலிவு என்று யாராவது வட்ஸ்அப்பில் இன்சூரன்ஸ் போட்டுத் தருகிறேன் என்று வந்தால் விலகி நில்லுங்கள், தமிழில் கதைத்தாலும் சரி, உங்கள் ஊர்க்காரர் என்று சொன்னாலும் சரி. போலிப் பத்திரம் அச்சடித்துக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் உண்மையான கம்பனியில் உங்கள் விபரங்களை மாற்றி எழுதிக் குறைந்த விலைக்கு எடுத்துக் கொடுப்பார்கள், இரண்டும் ஒன்றுக்கும் உதவாது. அங்கே இன்சூரன்ஸ் உள்ள கார்கள் எல்லாம் ஒரு பொதுத் தரவுத்தளத்தில் ஏறும், உங்கள் கார் அதில் இருக்கிறதா என்று ஒன்லைனில் இலவசமாகப் பார்க்கலாம்.

இங்கிருந்து புறப்பட முன் செய்யக்கூடிய வேலை கொஞ்சம் இருக்கிறது. போன பிறகு செய்வதென்றால் அம்மாவை மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் கொழும்புக்கும் அலைய வைக்கவேண்டி வரும்.

முதலாவது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் உங்கள் லைசென்ஸ் விபரத்தை உறுதிப்படுத்தும் கடிதம். எந்த வருடம் முதன்முதலில் எடுத்தீர்கள் என்பது அதில் தெளிவாக இருக்கவேண்டும். கார்ட்டைப் புதுப்பித்தவர்கள் கவனியுங்கள், புதுக் கார்ட் தந்த திகதியைப் பார்த்து அதையே படிவத்தில் எழுதிவிட்டு, பத்து வருட அனுபவத்தை இரண்டு வருடமாக்கிக் கூடக் காசு கட்டினவர்களை எனக்குத் தெரியும். கடிதத்துக்கு வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி வேண்டுமென்றால் அதன் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே இருக்கிறது. இரண்டாவது, இங்கே உங்கள் பெயரில் வாகனம் இருந்தால், இத்தனை வருடம் கிளெய்ம் எடுக்கவில்லை என்று உங்கள் காப்புறுதிக் கம்பனியிடம் ஆங்கிலத்தில் கடிதம். அங்கே அநேகமான கம்பனிகள் வெளிநாட்டுக் கடிதத்தை ஏற்கமாட்டார்கள், ஆனால் ஏற்கும் சிலர் இருக்கிறார்கள், புரோக்கர் மூலம் போன் எடுத்துக் கேட்டால்தான் அகப்படுவார்கள். திரையில் இடமில்லாத விஷயத்தை வாயால் சொல்லலாம் என்பதற்காகத்தான் புரோக்கர். மருமகனுக்கும் கடைசியில் அப்படித்தான் ஒன்று சரிவந்தது.

சர்வதேச அனுமதிப்பத்திரம் பற்றித்தான் ஆகக்கூடிய குழப்பம். சாம்பல் நிற மட்டை போட்ட ஒரு சின்னப் புத்தகம் அது. 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி வருவது, ஒரு வருடம்தான் செல்லும். கொழும்பில் காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் இருக்கும் சிலோன் ஒட்டோமொபைல் சங்கம் கொடுக்கிறது. அது உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். லைசென்ஸ் இல்லாமல் அதை மட்டும் காட்டினால் செல்லாது, இன்சூரன்ஸோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. எங்கள் கார்ட்டில் ஆங்கிலமும் இருப்பதால் சில நாடுகளில் தேவைப்படாமலும் போகலாம், ஆனால் விடுமுறைக்குப் போய் வாடகைக் கார் எடுப்பவர்களிடம் கவுண்டரில் கேட்பார்கள். ஒன்லைனில் "10 வருட சர்வதேச லைசென்ஸ்" என்று விற்கிறார்களே, அது வெறும் பிளாஸ்டிக் துண்டு.

கனடாக்காரருக்கு: ஒன்டாரியோவில் குடியேறினால் ஊர் லைசென்ஸுக்கு 60 நாள்தான். ஆனால் மேலே சொன்ன திணைக்களக் கடிதத்துக்கு அங்கே நல்ல மதிப்பு. அண்மைய 3 வருடத்துக்குள் 2 வருடத்துக்கு மேல் ஓடிய அனுபவத்தைக் காட்டினால், எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு நேராக முழு லைசென்ஸுக்கான ஜி றோட் டெஸ்டுக்குப் போகலாம், அதற்கு முந்திய ஜி1, ஜி2 படிகளில் வருடக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. இன்சூரன்ஸ் அங்கே பெரும்பாலும் காரோடு போகும், எங்கள் ஊர் மாதிரி. ஆனாலும் ஒரே வீட்டில் லைசென்ஸ் உள்ள எல்லாரையும் கம்பனிக்குச் சொல்லவேண்டும். ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்குள் மூன்று குடும்பம் இருந்தால் அந்தப் பட்டியல் நீளும். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவைக்கே குறைந்தது 5000 டொலர். சுவிஸில் 12 மாசத்துக்குள் மாற்றவேண்டும், அதற்கு ஒரு சோதனை ஓட்டம், அதில் தவறினால் திரும்ப ஓடிக்காட்ட விடமாட்டார்கள், தொடக்கத்தில் இருந்து முழுதாகப் படித்து எடுக்கவேண்டியதுதான். எந்த நாட்டுக் குடிமகன் என்பதைப் பார்த்தும் அங்கே பிரீமியம் கூடலாம், பிடிக்காவிட்டாலும் அப்படித்தான். அவுஸ்திரேலியாவில் பதிவோடு வரும் கட்டாய இன்சூரன்ஸ் ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்கு மட்டும். அடுத்தவரின் பென்ஸில் இடித்தால் அது உங்கள் பொக்கற்றில் இருந்து போகும், அதற்கென்று தனியாகப் போடவேண்டும்.

இதே கதை தலைகீழாகவும் நடக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வரும் எங்கட சொந்தங்கள், வந்த அன்றைக்கே கார்ச் சாவியைக் கேட்பார்கள். கனடா லைசென்ஸை அப்படியே வைத்துக்கொண்டு இங்கே ஓட முடியாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் கொண்டு வந்தால் அதே ஒட்டோமொபைல் சங்கத்தில் அங்கீகாரம் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் திணைக்களத்தில் தற்காலிக லைசென்ஸ். 2025 ஓகஸ்டில் இருந்து சுற்றுலா வருபவர்களுக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதைக் கொடுக்கிறார்கள். இது ஒன்றும் இல்லாமல் ஓடி இடித்தால், உங்கள் காருக்கு நீங்கள் கட்டின முழுக் காப்புறுதியும் கைவிரித்துவிடலாம். விபத்து நடந்த இடத்துக்கு மோட்டார் சைக்கிளில் வரும் கம்பனிப் பொடியன் போட்டோ எடுக்க முன் முதலில் கேட்பதே ஓடினவரின் லைசென்ஸைத்தான். தெரிந்தவரின் சொந்தக் காரைக் காசு கொடுத்து ஒரு கிழமைக்கு எடுப்பதிலும் இதே ஆபத்து. அந்தக் காருக்கு வாடகைக்கு விடும் காப்புறுதி இருக்காது.

போன வருடம் ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சான் தேருக்கு முதல் நாள் இதே சாவிக்காக என்னோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினார். தான் நெடுஞ்சாலையில் பனிக்குள் ஓடுகிற ஆளாம். மருமகன் சொன்ன அதே கதை, ஆள்தான் வேறு. நான் என் சைக்கிளைக் கொடுத்தேன். எப்படியும் கோயிலைச் சுற்றி றோட்டெல்லாம் பூட்டியிருப்பார்கள், கார் கொண்டுபோனாலும் தூரத்தில் விட்டுவிட்டு நடக்கத்தான் வேண்டும்.